கணினி கேள்வி-பதில்: பழைய பெட்டியில் கேஷை முடுக்கலாமா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் பிராசஸர் கேஷ் ஓவர்கிளாக் பற்றி, அதாவது பிராசஸருக்குள் இருக்கும் சின்ன அதிவேக நினைவகத்தை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது பற்றி, கேட்டவற்றை இந்த இதழில் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு ஐ7-4770கே, இசட்87 போர்டு, 16 ஜிபி ராம் வைத்திருக்கிறேன். கோர் 4.4 கிகாஹெர்ட்ஸ், கேஷும் 4.4. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தொந்தரவும் இல்லை. பங்குனி பிறந்ததிலிருந்து எக்ஸ்போர்ட் பாதியில் நீலத் திரை. சில நாள் நீலத் திரைகூட வராமல், முடிந்த வீடியோவில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. கோர் வோல்டேஜை 1.25-லிருந்து 1.28 ஆக்கியும் சரியாகவில்லை. (தருமபுரி)

கோரை விடுங்கள், கேஷைக் குறையுங்கள். 2013-இல் வந்த ஹாஸ்வெல் சிப்பில் எல்3 கேஷும், கோர்களை அதோடு இணைக்கும் ரிங்கும் ஒரே வேகத்தில் ஓடுபவை. அவற்றுக்கு ரேஷியோவும் (அடிப்படைக் கடிகாரமான 100 மெகாஹெர்ட்ஸை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) தனி, வோல்டேஜும் தனி. நீங்கள் கூட்டிய 0.03 வோல்ட் கோருக்குத்தான் போனது. கேஷுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வெயில் காலத்தில் மட்டும் வருவதிலும் புதிர் ஏதுமில்லை. அறை பத்து டிகிரி சூடானால் சிப்பும் ஏறக்குறைய அதே அளவு சூடாகும். சூடான சிப்புக்கு அதே வேகத்தில் பிழையில்லாமல் ஓட இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் வேண்டும். மழைக்காலத்தில் விளிம்பில் நின்ற செட்டிங் பங்குனியில் கவிழ்ந்துவிடுகிறது.

முதலில் விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் பகுதியைப் பாருங்கள். ‘டபிள்யூஎச்இஏ-லாகர்’ என்ற பெயரில் 19-ஆம் எண் பதிவுகள் இருந்தால், பிராசஸர் தானே திருத்திக்கொண்ட பிழைகள் அவை. பிழை வகையில் ‘கேஷ் ஹையரார்க்கி’ என்றிருந்தால் சந்தேகம் வலுக்கும். 18-ஆம் எண் என்றால் திருத்த முடியாமல் போன பிழை. எந்தப் பதிவும் இல்லை என்பதற்காகக் கேஷுக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள். எல்லாப் பிழையும் பதிவாவதில்லை. கட்டம் விழுந்த வீடியோ அப்படி வந்ததாகவும் இருக்கலாம்.

அடுத்து பயாஸ், அதாவது பெட்டி கிளம்பும்போது திறக்கும் போர்டின் செட்டிங் திரை. ஏசுஸ் போர்டில் ‘மேக்ஸ் சிபியு கேஷ் ரேஷியோ’, கிகாபைட்டில் ‘அன்கோர் ரேஷியோ’, எம்எஸ்ஐயில் ‘ரிங் ரேஷியோ’ என்று இருக்கும். அதை 38-க்கு, அதாவது 3.8 கிகாஹெர்ட்ஸுக்கு, இறக்குங்கள். கேஷ் வோல்டேஜை ஆட்டோவில் விடாமல் 1.15 என்று கையால் கொடுங்கள். ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கை அணைத்து, ராமை 1333-க்குக் கொண்டுவாருங்கள். பிறகு எந்த வீடியோவில் தகராறு வந்ததோ அதையே, அதே மதிய நேரத்தில், ஏசி போடாமல் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். சுத்தமாக வந்தால் எக்ஸ்எம்பியை மட்டும் திரும்பப் போட்டு இன்னொரு முறை. அதிலும் சுத்தம் என்றால் குற்றவாளி கேஷ்தான்.

அதன்பின் ஒவ்வொரு புள்ளியாக, அதாவது 100 மெகாஹெர்ட்ஸாக, ஏற்றலாம். பிழை தலைகாட்டிய இடத்திலிருந்து ஒன்றல்ல, இரண்டு புள்ளி கீழே வந்து நில்லுங்கள். சித்திரை இன்னும் பாக்கி இருக்கிறது. கேஷ் வோல்டேஜ் 1.25-ஐத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் கேட்கிற சிப்பை வற்புறுத்துவதில் லாபமில்லை, சூடுதான் ஏறும்.

ஒரு எச்சரிக்கை. கோர் வோல்டேஜ் ‘அடாப்டிவ்’ (தேவைக்கேற்பத் தானே மாறும்) முறையில் இருக்கும்போது, பிராசஸரைக் கடுமையாகச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளின் புதிய பதிப்புகளை ஓட்டாதீர்கள். ஏவிஎக்ஸ் என்ற கனமான கணக்கு வேலை வந்ததும் ஹாஸ்வெல் நீங்கள் கொடுத்ததற்கு மேல் சுமார் 0.1 வோல்ட் தானாக ஏற்றிக்கொள்ளும். சோதனை முடியும்வரை ‘மேனுவல்’ போதும்.

கேஷ் கோரைவிட 300, 400 மெகாஹெர்ட்ஸ் பின்தங்கி இருந்தால் எக்ஸ்போர்ட்டில் எவ்வளவு இழப்பு? ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கோருக்குச் சமமாகக் கேஷையும் நிறுத்த வேண்டும் என்பது பெஞ்ச்மார்க் போட்டிக்காரர்களின் கவலை. ஆல்பம் கொடுக்க வேண்டிய தேதி இருப்பவருக்கு அது வேண்டாம்.

கேள்வி: கோர் 2 குவாட் கியூ6600. பயாஸில் கேஷ் ரேஷியோவே இல்லையே? (பாலக்கோடு)

இருக்காது. அதன் 8 எம்பி எல்2 கேஷ் கோர் வேகத்திலேயே ஓடுவது. பிராசஸரைப் போர்டோடு இணைக்கும் பாதையின் கடிகாரமான எஃப்எஸ்பியை 266-லிருந்து 333 ஆக்கினால் கோர் 2.4-லிருந்து 3.0 கிகாஹெர்ட்ஸ் ஆகும். கேஷும் கூடவே ஏறிவிடும். ராம் ரேஷியோவை 1:1 வையுங்கள், டிடிஆர்2-667 போதும். இரண்டாம் தலைமுறை ஐ5-2500கே, மூன்றாம் தலைமுறை 3570கே இரண்டிலும் இதே கதைதான்: எல்3 கோரோடு சேர்ந்தே ஓடும்.

கேள்வி: ஏஎம்டி ஃபினோம் 2 எக்ஸ்4 955 பிளாக் எடிஷன் வைத்திருக்கிறேன். கோர் 3.6-க்கு மேல் போக மறுக்கிறது. கேஷிலாவது ஏதாவது தேறுமா? (காவேரிப்பட்டினம்)

தேறும். இந்தப் பக்கத்தில் இருக்கும் பெட்டிகளிலேயே கேஷை முடுக்கினால் உருப்படியான பலன் தருவது உங்களுடையதுதான். ஃபினோம் 2-வில் எல்3 கேஷும் மெமரி கன்ட்ரோலரும் ‘சிபியு-என்பி’ என்ற தனிக் கடிகாரத்தில் ஓடுகின்றன. அது 200 பெருக்கல் 10, அதாவது 2000 மெகாஹெர்ட்ஸ். கோர் 3.6-இல் இருக்கும்போது இது மந்தம். ஏற்றினால் கேஷும் ராமும் சேர்ந்தே சுறுசுறுப்பாகும்.

பிளாக் எடிஷன் என்பதால் என்பி பெருக்கி பூட்டப்படவில்லை. 11, 12, 13 என்று படிப்படியாக ஏற்றுங்கள். 2400 பெரும்பாலும் எளிதாகக் கிடைக்கும். 2600-க்கு சிபியு-என்பி வோல்டேஜை 1.25, 1.30 வரை கொடுக்க வேண்டி வரலாம். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். பயாஸில் வெறும் ‘என்பி வோல்டேஜ்’ என்று இன்னொன்றும் இருக்கும். அது போர்டில் உள்ள சிப்செட்டுக்கானது. அதைக் கூட்டினால் ஹீட்சிங்க் சுடுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. பிராசஸரைச் சிப்செட்டோடு இணைக்கும் ஹைப்பர்டிரான்ஸ்போர்ட் (எச்டி) லிங்க்கை 2000-லேயே விடுங்கள், அதை ஏற்றிப் பயனில்லை.

பிராசஸர் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில், மெமரி பக்கத்தில் ‘என்பி ஃப்ரீக்வென்சி’ எவ்வளவு காட்டுகிறது என்று சரிபாருங்கள். பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு முகவரியில் பிழை வந்தால் என்பி வேகத்தைச் சந்தேகப்படுங்கள்; திரும்பத் திரும்ப ஒரே முகவரி என்றால் ராம் ஸ்டிக்கை. வெப்பத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டுங்கள்: 62 டிகிரியே இந்தச் சிப்பின் எல்லை, இன்டெல் கணக்கை இங்கே போடக்கூடாது.

கேள்வி: பெங்களூரு எஸ்பி ரோட்டில் ஐ7-4790 போட்ட பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் வாங்கினேன். கேஷை 4.4 ஆக்க முடியுமா? (ஓசூர்)

முடியாது. பெயரின் கடைசியில் ‘கே’ இல்லாத சிப்; ரேஷியோ பூட்டியது. அடிப்படைக் கடிகாரமான 100 மெகாஹெர்ட்ஸை ஏற்றலாமே என்றால், பிசிஐ எக்ஸ்பிரஸும் அதோடு கட்டப்பட்டிருக்கிறது. 103 தாண்டினாலே ஹார்டு டிஸ்க்கும் யுஎஸ்பியும் முரண்டு பிடிக்கத் தொடங்கும். ஆபீஸ் பெட்டிகளின் பயாஸில் அந்த வசதியும் பெரும்பாலும் கிடையாது.

செலவு செய்ய மனமிருந்தால் ஒற்றை ராமை இரட்டையாக்கி, ஒரே நிற ஸ்லாட்டுகளில் போடுங்கள். கூலரைக் கழற்றிக் காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வையுங்கள். ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் ஓடுகிறதென்றால் எஸ்எஸ்டி தான் முதல் வேலை.

கேள்வி: சில நாள் காலையில் போட்டால் ஓவர்கிளாக் செட்டிங் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. போர்டு போய்விட்டதா? (அரூர்)

பயாஸில் தேதியைப் பாருங்கள். தேதியும் பின்னுக்குப் போயிருந்தால் போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும், 2.7-க்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். தேதி சரியாக இருந்து செட்டிங் மட்டும் போனால், பெட்டி கிளம்பத் தவறியதால் போர்டே பாதுகாப்பாகப் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கிறது. கேஷையோ ராமையோ ஒரு படி இறக்குங்கள்.

இன்னொன்று: ஓடிக்கொண்டிருக்கும்போது நீலத் திரை இல்லாமல் பொட்டென்று அணைந்து, ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ மட்டும் பதிவாகி, அதில் பக்செக் கோட் (நீலத் திரைப் பிழையின் எண்) 0 என்றிருந்தால், ஓவர்கிளாக்கில் கைவைக்கும் முன் வீட்டு மின்சாரத்தின் வோல்டேஜையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் (பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை) பாருங்கள். யுபிஎஸ் போட்டபின் அந்தப் பதிவு நின்றுவிட்டால் கேஷ் செட்டிங்கை மாற்றத் தேவையில்லை.