சமூக ஊடகம் இல்லாமல் மெரினா போராட்டம் நடந்திருக்குமா?

கூட்டம் கூடியிருக்கும், ஆனால் அவ்வளவு வேகமாகக் கூடியிருக்காது என்பது என் எண்ணம். ஜல்லிக்கட்டுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது 2014 மே மாதம். கிராமங்களில் அப்போதிருந்தே கோபம் இருந்தது. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரில் போராடியவர்களைப் போலீஸ் பிடித்துப்போன செய்தி வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் பரவ, 17ஆம் தேதி மெரினாவில் இளைஞர்கள் திரண்டார்கள். கட்சிக் கொடி கிடையாது, தலைவர் என்று ஒருவரும் கிடையாது.

இரவில் கடற்கரை விளக்குகள் அணைந்தபோது ஆளுக்கொரு செல்போனைத் தூக்கி டார்ச் அடித்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்துக் கிளம்பி வந்தவர்கள் ஏராளம். சரி, வந்த கூட்டத்தை அறவழியில் வைத்திருந்தது யார்? குப்பை பொறுக்கியவர்கள், போக்குவரத்தை ஒழுங்குபடுத்திய மாணவர்கள், சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்த குடும்பங்கள். அதை எந்த ஆப்பும் செய்துவிட முடியாது.

21ஆம் தேதி ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் அவசரச் சட்டம் வந்தது. அப்புறம்தான் சிக்கல். தலைவர் இல்லாத கூட்டத்தில் 'போதும், கலையலாம்' என்று எல்லோர் சார்பிலும் சொல்ல ஆளில்லை. 23ஆம் தேதி காலை போலீஸ் கலைக்க வந்தது. தடியடி, தீவைப்பு வரை போனது. அன்று மாலையே சட்டசபையில் அந்த அவசரச் சட்டத்துக்குப் பதிலான மசோதா நிறைவேறியது.