வீட்டில் கட்டும் விமானம்: உடலுக்குள் வயர் போகும் வழி
(வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: ஆர்வி-10 (நான்கு இருக்கை விமானம்) கிட் கட்டிக்கொண்டிருக்கிறேன். வால்கூம்பின் (உடலின் கூம்பிச் செல்லும் பின்பகுதி) மேல்தகட்டை ரிவெட் அடித்து மூடும் கட்டம் வந்துவிட்டது. என்னென்ன கருவி வைப்பது என்றே இன்னும் முடிவாகவில்லை. மூடிவிட்டுப் பிறகு வயர் இழுத்துக்கொள்ளலாமா?

வயரைப் பிறகு இழுக்கலாம். துளை போடுவதையும் கிளாம்ப் மாட்டுவதையும் தள்ளிப்போடாதீர்கள். மூடிய வால்கூம்புக்குள் டார்ச்சோடு தவழ்ந்துபோய் டிரில் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்பது, செய்து பார்க்கும்போதுதான் தெரியும்.

பின்பக்கம் எப்படியும் போகப்போகிறவை இவை: வால் விளக்கு, மூக்கின் ஏற்ற இறக்கத்தைச் சரிக்கட்டும் எலிவேட்டர் டிரிம் மோட்டாரின் ஐந்து மெல்லிய வயர்கள் (மோட்டாருக்கு இரண்டு, நிலைகாட்டும் சென்சாருக்கு மூன்று), திசை காட்டும் மேக்னட்டோமீட்டர் கேபிள், பேட்டரி கேபிள், ஆன்டெனா கேபிள்கள். இவற்றை இரண்டாகப் பிரியுங்கள். மின்சாரம் சுமப்பவை ஒரு பக்கமாகவும், சிக்னலும் ஆன்டெனாவும் மறுபக்கமாகவும் போகட்டும். பின்னால் ரேடியோவில் இரைச்சல் வந்தால் தேடுகிற வேலை பாதியாகும்.

ஒவ்வொரு குறுக்குத் தகட்டிலும் 5/8 அங்குலத் துளை போதும். ஸ்டெப் டிரில்லால் போட்டு, இரு பக்கமும் பிசிறெடுத்து, எஸ்பி625-8 ஸ்னாப் புஷ்ஷை (துளை விளிம்பை மூடும் பிளாஸ்டிக் வளையம்) அமுக்கிவிடுங்கள். உள்ளே அரை அங்குலம் வழி கிடைக்கும். வரைபடத்தில் இல்லாத இடத்தில் துளை போடுவதானால், கிட் நிறுவனத்திடம் கேட்காமல் போடாதீர்கள். தகடு மடங்கும் வளைவில் துளை வரவே கூடாது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

புஷ் மாட்டியாயிற்றே, போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. புஷ், தகட்டின் விளிம்பு வயரை அறுக்காமல் தடுக்கும், அவ்வளவுதான். வயர் ஆடாமல் நிறுத்துவது கிளாம்ப்பின் வேலை. கிளாம்ப் இல்லாத இடத்தில் என்ஜின் அதிர்வில் வயர் புஷ்ஷின் மேலேயே மணிக்கணக்கில் உராய்ந்து, கடைசியில் இன்சுலேஷன் தேய்ந்துபோகும். அமெரிக்க விமானத்துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்ஏஏ 1998-ல் வெளியிட்ட ஏசி 43.13-1பி கையேட்டின் 11-ஆம் அத்தியாயம் இந்த வேலைக்கு நல்ல துணை. வீட்டில் கட்டும் விமானத்தை அது சட்டமாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதன்படி செய்வதே புத்திசாலித்தனம். அதன் கணக்கு: கிளாம்ப்புக்குக் கிளாம்ப் 24 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் தொய்யக் கூடாது. கட்டுக்குள் இருப்பதிலேயே தடித்த வயரின் விட்டத்தைப் போல் பத்து மடங்குக்குக் குறைவான ஆரத்தில் கட்டை வளைக்கக் கூடாது.

பெடலிலிருந்து வால் சுக்கானுக்குப் போகும் ரட்டர் கேபிளிடமிருந்து 3 அங்குலம் தள்ளியே போங்கள். கிளாம்ப் மாட்டியதும், ஒருவர் பெடலை இரு கோடிக்கும் மிதிக்க, இன்னொருவர் உள்ளே பார்த்துக்கொண்டிருக்கட்டும். இருக்கைகளுக்கு நடுவிலுள்ள டனலில் பெட்ரோல் குழாயும் பம்ப்பும் இருக்கின்றன. அங்கே வயர் குழாய்க்கு மேலே போக வேண்டும், முடிந்தவரை 6 அங்குலம் விலகி. இடம் நெருக்கடி என்று பெட்ரோல் குழாயோடு சேர்த்து டை போட்டுக் கட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். இன்சுலேஷன் தேய்ந்து பொறி பறந்தால் அலுமினியக் குழாயில் ஓட்டை விழும்.

மூடுவதற்கு முன் இரு பக்கமும் ஒரு நைலான் கயிறை விட்டு வையுங்கள். பின்னால் புது வயர் இழுக்கும்போது அதோடு இன்னொரு கயிறையும் சேர்த்தே இழுங்கள். ஆள் இருவர் வேண்டும்: ஒருவர் மெல்ல இழுக்க, மறுமுனையில் மற்றவர் ஊட்ட. வெடுக்கென்று இழுத்தால் கயிறு, ஏற்கனவே கிடக்கும் வயர்களின் மேல்தோலை அறுத்துவிடும்.

கேள்வி: பேட்டரி பின்னால், ஸ்டார்ட்டர் முன்னால். இடையில் கேபிள் நீளம் 4 மீட்டர் வருகிறது. எடை குறைய 4 கேஜ் போடலாமா? இதற்கு ஃபியூஸ் எங்கே வைப்பது?

ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2 கேஜ் கேபிளில் (கேஜ் எண் குறையக் குறையக் கேபிள் தடிக்கும்) 4 மீட்டருக்குச் சுமார் 0.4 வோல்ட் இறங்கும். 4 கேஜில் 0.65 வோல்ட். எடையில் மிச்சமாவது அரைக் கிலோவுக்குள். குளிர் காலையில் ஆறு சிலிண்டர் என்ஜினைச் சுழற்ற வேண்டியிருக்கும்போது அந்தக் கால் வோல்ட்டை விட்டுக்கொடுப்பானேன்? 2 கேஜே போடுங்கள். இந்தக் கணக்கு நேர்முனைக் கேபிளுக்கு மட்டும். திரும்பும் பாதை உடல் தகடுதான். பேட்டரியின் எதிர்முனை வயரைத் தகட்டில் மாட்டும் இடத்தில் பெயின்ட்டையும் பிரைமரையும் சுரண்டிவிட்டு போல்ட் போடுங்கள். மூன்றாம் வருடத்தில் ஸ்டார்ட்டர் முனகினால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான்.

ஸ்டார்ட்டர் கேபிளுக்கு ஃபியூஸ் வழக்கமில்லை. அதற்குப் பதிலாகத்தான் மாஸ்டர் கான்டாக்டரை (காக்பிட் சுவிட்சால் இயங்கும் பெரிய ரிலே) பேட்டரியை ஒட்டியே வைக்கிறோம். சுவிட்சை அணைத்தால் அந்த 4 மீட்டரும் செத்துவிடும். கான்டாக்டரை முன்னால் ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவிலுள்ள தீத்தடுப்புச் சுவர்) மாட்டினால் கேபிளில் எப்போதும் உயிர் இருக்கும். மோதலில் தகடு நசுங்கிக் கேபிளைக் கடித்தால் நிறுத்த வழியே இல்லை. கடிகாரம் போன்றவற்றுக்குப் பேட்டரியிலிருந்து நேராக எடுக்கும் மெல்லிய வயருக்கு, பேட்டரி பக்கமே 5 ஆம்பியருக்கு மிகாத ஃபியூஸ் அவசியம்.

ஃபயர்வாலைக் கேபிள் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையமோ பிளாஸ்டிக் புஷ்ஷோ மட்டும் கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையம், தீ தாங்கும் உறை, தீ தாங்கும் சீலன்ட் மூன்றும் வேண்டும்.

கேள்வி: கார் வயர் மலிவாகக் கிடைக்கிறதே?

பெரும்பாலும் அது பிவிசி. எரிந்தால் மூச்சை அடைக்கும் அமிலப் புகை. உங்கள் காக்பிட்டோ ஒரு சின்னப் பெட்டி. 22759/16 என்ற ராணுவத் தர எண் அச்சிட்ட டெஃப்செல் (ஒரு வகை பிளாஸ்டிக்) உறை வயர் 150 டிகிரி செல்சியஸ் தாங்கும்; தோலும் மெல்லியது. பிரேக்கர் காப்பது வயரைத்தான் என்பதால் அளவை மாற்றாதீர்கள்: 22 கேஜுக்கு 5 ஆம்பியர், 20-க்கு 7.5, 18-க்கு 10, 16-க்கு 15.

கேள்வி: வால் விளக்கைப் போட்டால் திரையில் திசை சில டிகிரி நகர்கிறது. மேக்னட்டோமீட்டர் கெட்டுவிட்டதா?

இல்லை. விளக்குக்கு ஒரு வயர் மட்டும் கொண்டுபோய், திரும்பும் மின்சாரத்தைத் தகட்டின் வழியே விட்டிருப்பீர்கள். போகும் மின்சாரமும் வரும் மின்சாரமும் தள்ளித்தள்ளி ஓடினால் நடுவே காந்தப்புலம் உண்டாகும். மேக்னட்டோமீட்டர் அதையும் சேர்த்தே அளக்கிறது. விளக்கின் எர்த்துக்குத் தனி வயர் இழுத்து, இரண்டையும் முறுக்கி ஒரே ஜோடியாகக் கொண்டுபோங்கள். இரண்டின் புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். விளக்கின் உலோக உடல் தகட்டைத் தொட்டால் மின்சாரம் பழைய வழியிலும் போகும், அதையும் பாருங்கள். பிறகு விமானத்தை ஒரே திசையில் நிறுத்தி, ஸ்ட்ரோப் (பளிச்சிடும் விளக்கு), டிரிம், பம்ப் என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் திரையைக் கவனியுங்கள். எதைப் போடும்போது நகர்கிறதோ, அதன் வயரையும் இதேபோல் முறுக்கிய ஜோடியாக்குங்கள்.

கேள்வி: முனைகளுக்குச் சால்டர் நல்லதா, கிரிம்ப் நல்லதா?

கிரிம்ப்தான் (முனையை வயரின் மேல் நசுக்கிப் பிடிக்கவைப்பது). சால்டர் இழைகளுக்குள் ஏறி, அது நிற்கும் இடத்தில் வயர் விறைத்துவிடும். தாங்கல் இல்லாவிட்டால் அதிர்வில் அங்கேதான் ஒடியும். இன்சுலேஷனையும் சேர்த்துப் பிடிக்கும் பிஐடிஜி வகை முனையும், முழுதாக அழுத்தாமல் விடாத ராட்செட் பிளையரும் வாங்குங்கள். சிவப்பு 22 முதல் 18 கேஜ் வரை, நீலம் 16-14, மஞ்சள் 12-10. வேலை தொடங்கும் முன் துண்டு வயரில் சில முனைகளை அழுத்தி, தராசில் மாட்டி இழுத்துப் பாருங்கள். 22 கேஜ் 15 பவுண்டும், 18 கேஜ் 38 பவுண்டும் தாங்க வேண்டும். அதற்குள் உருவிக்கொண்டு வந்தால் பிளையரின் அச்சு அந்த முனைக்கு உரியதல்ல.