ஊட்டிக்கு வரும்போது தள்ளுபடியில் கிடைக்கும் ஸ்டீல் ஃப்ளாஸ்க் பாட்டிலை வாங்கலாமா?

பாதி விலைக்குக் கிடைக்கிறது, நம்பி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்குங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. எப்படியும் ஒன்று தேவைப்படும்.

இந்த பாட்டிலில் இரண்டு ஸ்டீல் சுவர்கள். நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்திருப்பார்கள். சூட்டைக் காப்பது அந்த வெற்றிடம்தான். அது போய்விட்டால் சாதாரணச் சொம்புக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான் கோத்தகிரியில் தள்ளுபடியில் வாங்கியதில் அடிப்பக்கம் சின்ன நசுங்கல். கவனிக்கவில்லை. காலையில் ஊற்றிய டீ, தொட்டபெட்டா ஏறுவதற்குள் ஆறிப்போனது.

அதனால் வாங்கியதும் கொதிநீர் ஊற்றி மூடி, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூடி ஓரம் மட்டும் லேசாகச் சுடும், அது சரிதான். உள்ளே 304 ஸ்டீலா (உணவுக்கு ஏற்ற, எளிதில் துருப்பிடிக்காத ரகம்) என்றும் பாருங்கள்.

அப்புறம், ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் இத்தனை மணி நேரம் சூடு நிற்கும் என்று பெட்டியில் போட்டிருப்பதைவிடக் கொஞ்சம் குறைத்தே எதிர்பாருங்கள்.