பூனைக்குக் காதில் அடிக்கடி சீழ் வைக்கிறது. இப்போது தலையைச் சாய்த்துக்கொண்டு தடுமாறி நடக்கிறது. என்ன செய்வது?

முதல் வேலையாக, வீட்டில் மிச்சமிருக்கும் காது சொட்டு மருந்தைத் தொடாதீர்கள். நான் தொட்டேன், அதனால்தான் சொல்கிறேன்.

எங்கள் பூனை மணிக்கு அப்போது 2 வயது. வலது காதில் சீழ் வரும், சொட்டு மருந்து விடுவோம், பத்து நாளில் காயும், இரண்டு மாதத்தில் மறுபடியும் வரும். ஒரு வருடம் இப்படியே ஓடியது. ஒருநாள் காலை சாப்பிட வந்தவன் வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தான். கண்மணிகள் இரண்டும் பக்கவாட்டில் துடித்தன, வாந்தி வேறு. பக்கவாதம் என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நான் பழைய பாட்டிலை எடுத்து நாலு சொட்டு விட்டேன்.

டாக்டர் அந்த பாட்டிலைப் பார்த்ததும் கோபப்பட்டார். மணியின் செவிப்பறை கிழிந்திருந்தது. கிழிந்த பறை வழியாக ஜென்டாமைசின் போன்ற மருந்தோ குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த கழுவும் திரவமோ உள்காதுக்குள் இறங்கினால், கேட்கும் சக்தியும் விழாமல் நிற்கும் சமநிலையும் சேர்ந்தே போகலாம். செவிப்பறையைப் பார்க்காமல் காதுக்குள் எதையும் விடக்கூடாது.

பூனை விழாமல் நடப்பதற்கான உறுப்பு உள்காதில் இருக்கிறது. தலை பெரும்பாலும் நோயுள்ள காதின் பக்கமே சாயும். செவிப்பறைக்குப் பின்னால் குமிழ் மாதிரி ஒரு எலும்பு அறை உண்டு. பூனைக்கு அது மெல்லிய தடுப்பால் இரண்டாகப் பிரிந்திருக்கும். சீழ் அங்கே தங்கிவிட்டால் மேலே விடும் சொட்டு போய்ச் சேராது. கண்ணுக்குப் போகும் ஒரு நரம்பும் நடுக்காது வழியாகத்தான் போகிறது. மணியின் வலது கண்பாவை சுருங்கி, மூன்றாம் இமை (கண்ணின் உள்மூலையில் இருக்கும் சவ்வு) கண்ணைப் பாதி மூடிக் கிடந்ததற்கு அதுதான் காரணம்.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கண்டிப்பாகக் கேளுங்கள். ஃபில்டரில் மிஞ்சும் காபி மண்டி போல அழுக்கு இருந்தால் காதுப் பூச்சியாக (காதுக்குள் வாழும் மிகச் சிறிய உண்ணி) இருக்கலாம். இளம் பூனைக்கு நடுக்காதிலிருந்து சதை வளர்வது உண்டு, வயதானதற்குக் கட்டி. மணிக்கு இருந்தது சதை. மயக்க மருந்து கொடுத்து எடுத்தார்கள். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பி, அதற்கேற்ற மாத்திரையை 6 வாரம் கொடுத்தோம். மூன்றாம் வாரமே நன்றாக நடந்தான். நிறுத்திவிடலாமா என்று கை துறுதுறுத்தது. தயவுசெய்து பாதியில் நிறுத்தாதீர்கள்.

வீட்டில் மாடிப்படியையும் பால்கனியையும் அடைத்துவிடுங்கள். படுக்கை தரையிலேயே இருக்கட்டும், மலஜலம் கழிக்கும் மண் தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். தூக்கும்போது உடம்போடு சேர்த்து அணையுங்கள், அந்தரத்தில் இருந்தால் மிரண்டுபோகும். குமட்டலில் சாப்பிடாமல் கிடந்தால் வாந்திக்கு மருந்து கேளுங்கள்.

கண்மணி மேலும் கீழுமாகத் துடித்தாலோ, பூனை சுயநினைவு மங்கிக் கிடந்தாலோ மூளையையும் சோதிக்க வேண்டியிருக்கும், அன்றைக்கே கொண்டுபோங்கள்.

மணிக்கு இப்போது 7 வயது. தலை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது, ஆனால் ஜன்னல் திண்டுக்கு ஒரே தாவல்தான். டாக்டரிடம் போகும்போது இதுவரை விட்ட எல்லா மருந்து பாட்டில்களையும் கையோடு எடுத்துப் போங்கள்.