35 வயதில், முன்பு இசை படிக்காதவர் சந்தூர் (கம்பிகளைக் குச்சிகளால் தட்டி வாசிக்கும் வாத்தியம்) கற்க முடியுமா? வீடியோ பார்த்தே கற்கலாமா?

முடியும். நான் தொடங்கியபோது எனக்கு 38 வயது. மும்பையில் வேலை, ஞாயிறுதோறும் வகுப்பு. கை பழகுவது நீங்கள் பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. தட்டும் மரக்குச்சிக்குக் கலம் என்று பெயர் (உருதுவில் எழுதுகோலுக்கும் அதே சொல்). அதைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பிடித்து, கட்டைவிரலால் லேசாக அணைத்து, வலது இடது என்று மாற்றித் தட்டினால் முதல் நாளே காதுக்கு இதமாக ஒலிக்கும். வயலின் கற்பவர் வீட்டார் படும் பாடு உங்கள் வீட்டாருக்கு இல்லை.

பாடு முழுவதும் சுருதி சேர்ப்பதில்தான். காஷ்மீரின் சூஃபியானா இசையில் வாசிக்கும் பழைய சந்தூரில் 25 குதிரைகள் (கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டைகள்), ஒவ்வொன்றின் மேலும் நான்கு கம்பிகள், மொத்தம் 100. என்னுடையதில் ஸ்வரத்துக்கு மூன்று. மூன்றில் ஒன்று மயிரிழை இறங்கினாலும் நாதம் அலையடிக்கும்.

முதல் மாதம் ஒருநாள், கம்பியை முறுக்கும் சாவியைத் திருகித் திருகித் தட்டுகிறேன், சுருதி ஏறவே இல்லை. இன்னும் கொஞ்சம் திருகினேன். பளீரென்று பக்கத்துக் கம்பி அறுந்து புறங்கையில் கோடு போட்டது. கம்பிகளைச் சுற்றியிருக்கும் முளைகள் நெருக்கமாக இருப்பதால் சாவியை வேறொன்றில் மாட்டியிருக்கிறேன்! ஆசிரியர் திட்டவில்லை. புதுக் கம்பியை நீட்டி, "நீங்களே மாட்டுங்கள்" என்றார். அன்றைய வகுப்பு அதோடு சரி.

ராகம் மாறினாலும் இதே வேலைதான். யமனை (நம் கல்யாணி) முடித்துவிட்டு பைரவ் (மாயாமாளவகௌளை) வாசிக்க வேண்டுமா? ரி, ம, த மூன்றும் மாறும். என் வாத்தியத்தில் அதற்கே 20 முளைகளுக்கு மேல் திருக வேண்டும்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காது என்றால் இன்னொன்றும் உறுத்தும். வீணைபோலக் கம்பியை இழுத்து கமகம் (ஸ்வரத்தை அசைத்து வளைப்பது) பிடிக்க முடியாது. சந்தூர் கலைஞர் சிவகுமார் சர்மா 1955இல் மும்பையில் முதன்முதலாக மேடையேறியபோது, விட்டுவிட்டு ஒலிக்கும் இந்த வாத்தியம் ராக ஆலாபனைக்கு ஆகாது என்றவர்கள் உண்டு. அவர் ஸ்வர அமைப்பை மாற்றினார், மரத்தாங்கியில் இருந்ததை மடிக்குக் கொண்டுவந்தார், கலத்தைக் கம்பிமேல் மெல்ல உரசவிட்டு ஸ்வரங்களை இழைத்தார். அந்த உரசல் எனக்கு இன்னும் அரைகுறைதான். சற்று அழுத்தினால் கரகரக்கும், விட்டால் ஒலியே எழாது.

ஆகவே வீடியோவைப் பற்றி: கை வைக்கும் முறையை அதில் பார்த்துக்கொள்ளலாம். சுருதி சேர்க்க மட்டும் முதல் ஆறு மாதமாவது பக்கத்தில் ஒருவர் வேண்டும். கைபேசிச் செயலி முதல் கம்பிக்கு உதவும். மற்ற இரண்டையும் அதோடு இழையவைப்பது காதின் வேலை.

இப்போதும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முதல் 20 நிமிடம் சாவியோடுதான். மும்பை மழைக்காலத்தில் அது 30.