எதிர் வீட்டு நீல பல்புக்கு என்ன அர்த்தம்?

களியக்காவிளையில் இருந்து அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் எடிசன் என்ற ஊருக்கு வந்து முதல் டிசம்பரைப் பார்க்கும் தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நீலமும் வெள்ளையுமாக அலங்கார விளக்கு, இன்னொன்றில் வெறும் வெள்ளை, எதிர் வீட்டில் ஒரே ஒரு நீல பல்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் அர்த்தம் உண்டா? அம்மா ஊரில் இருந்து கிறிஸ்துமஸ் காகித ஸ்டார் அனுப்புகிறேன் என்கிறாள். தொங்கவிட்டால் யாராவது தப்பாக நினைப்பார்களா?"

தம்பி, இந்தச் சந்தேகம் நம்ம பக்கத்து ஆட்களுக்குத்தான் வரும். குழித்துறைக்கும் பாறசாலைக்கும் நடுவில் வளர்ந்தவர்கள் பஸ்ஸில் போகும்போதே பச்சை டியூப்லைட் வரிசையைப் பார்த்து பள்ளிவாசல் விழா என்பார்கள், தோரணத்தின் நிறத்தைப் பார்த்து எந்தக் கட்சிக் கூட்டம் என்பார்கள். இங்கே அந்தக் கணக்கு பாதிதான் செல்லும். முக்கால்வாசி வீடுகளில் கடையில் எது மலிவோ, பிள்ளைகளுக்கு எது பிடித்ததோ, அதுதான் நிறம்.

கிறிஸ்துமஸின் சிவப்பு, பச்சைக்குப் பழைய காரணங்கள் உண்டு. பனிக்காலத்திலும் வாடாத ஹோலி செடிக்குப் பச்சை இலை, சிவப்புப் பழம். இயேசுவின் இரத்தம், நித்திய வாழ்வு என்று சபைகளில் விளக்குவார்கள். ஆனால் மின்விளக்கு போட்ட முதல் கிறிஸ்துமஸ் மரத்தில் அந்த ஜோடியே கிடையாது. 1882-இல் விஞ்ஞானி தாமஸ் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் தன் நியூயார்க் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 பல்புகளைக் கட்டினார். அமெரிக்கக் கொடியின் நிறங்கள். எடிசனின் ஆய்வுக்கூடம் இருந்த மென்லோ பார்க் இப்போது நீ குடியிருக்கும் ஊருக்குள்ளேதான் வருகிறது, ஒரு நாள் போய்ப் பார்.

நிஜமாகவே பேசும் நிறங்கள் கொஞ்சம்தான். நீலமும் வெள்ளையும் சேர்ந்தால் பெரும்பாலும் யூதர்களின் ஹனுக்கா விழா. ஜன்னலில் ஒன்பது விளக்குத் தண்டு இருந்தால் சந்தேகமே வேண்டாம்: எட்டு நாளுக்கு எட்டு, அவற்றை ஏற்ற ஒன்று. நம் தீபாவளி மாதிரி இதுவும் நிலாக் கணக்கு, ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும். கறுப்பு, சிவப்பு, பச்சையில் ஏழு மெழுகுவர்த்தி தெரிந்தால் அது க்வான்ஸா. 1966-இல் தொடங்கிய கறுப்பின மக்களின் விழா, டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை. கறுப்பு நிறம் மக்களுக்கு, சிவப்பு போராட்டத்துக்கு, பச்சை வருங்காலத்துக்கு.

தனியாக எரியும் நீல பல்பு வேறு விஷயம். 1989-இல், பணியில் கொல்லப்பட்ட பிலடெல்பியா போலீஸ்காரர் ஒருவரின் மாமியார், அவர் நினைவாகவும் அதன் பிறகு விபத்தில் இறந்த தன் மகள் நினைவாகவும் ஜன்னலில் இரண்டு நீல விளக்குகள் வைத்தார். அது நாடு முழுக்கப் பரவிவிட்டது. எதிர் வீட்டில் போலீஸ் குடும்பம் இருக்கலாம். நன்றாகப் பழகும்வரை நீயாகக் கேட்காதே. அவர்களுக்கு வெறும் நீலம் பிடித்திருந்தாலும் இருக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளையில் இரண்டு ரகம். மஞ்சள் கலந்த வெள்ளை மெழுகுவர்த்தி வெளிச்சத்தைப் போல இருக்கும், ஜன்னலுக்கு ஒன்றாக வைத்திருப்பார்கள். இன்னொன்று நீலம் அடிக்கும் வெள்ளை. வெள்ளை எல்இடி பெரும்பாலும் நீலச் சில்லின் மேல் மஞ்சள் பூச்சு போட்டுச் செய்வதுதான், மலிவு சரத்தில் அந்த நீலம் எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்து ஹனுக்கா வாழ்த்துச் சொல்லப் போய்விடாதே. பளிச்சென்ற நீல எல்இடியே 1990-களில்தான் வந்தது, அதைக் கண்டுபிடித்த மூவருக்கு 2014-இல் நோபல் கொடுத்தார்கள். எனக்கென்னவோ அந்தக் குளிர்ந்த வெளிச்சம் ஆஸ்பத்திரி வராந்தா ஞாபகம்தான்.

சரி, ஸ்டார். தாராளமாகத் தொங்கவிடு. இங்கே ஸ்டாரை மரத்தின் உச்சியில் வைப்பதே அதிகம், ஆனால் வாசலில் தொங்கவிடுவதும் புதிதில்லை. மொரேவியன் என்ற கிறிஸ்தவச் சபையார் ஜெர்மனியில் தொடங்கிய வழக்கம் அது. அவர்கள் உருவாக்கிய பெத்லகேம் என்ற ஊர் பென்சில்வேனியாவில், காரில் போய் ஒரே நாளில் திரும்பிவிடும் தூரத்தில் இருக்கிறது. அங்கே மலைமேலேயே பெரிய ஸ்டார் ஒன்று எரியும்.

அம்மாவிடம் ஸ்டாரை மட்டும் மடக்கி அனுப்பச் சொல். பல்பு, ஹோல்டர், சீரியல் செட் எதுவும் வேண்டாம். ஊரில் 230 வோல்ட், இங்கே 120. நம் பின் டைப் பல்பு இங்குள்ள திருகு ஹோல்டரில் ஏறவும் ஏறாது. காகித ஸ்டாருக்குள் சூடாகாத சின்ன எல்இடி போதும். அபார்ட்மென்ட் என்றால் பால்கனியில் என்ன தொங்கவிடலாம் என்று வாடகை ஒப்பந்தத்தை ஒருமுறை பார்த்துவிடு, சில இடங்களில் ஆணி அடித்தாலே அபராதம் போடுவார்கள்.

கழற்றுவது எப்போது என்று அடுத்துக் கேட்பாய். ஜனவரி 6, மூவிராசாக்கள் திருநாளோடு பலர் எடுத்துவிடுவார்கள். எடிசனில் நம் ஆட்கள் பலர் தீபாவளிக்குக் கட்டிய சரத்தைப் புத்தாண்டு தாண்டியும் விட்டுவைக்கிறார்கள், நானும் அந்தக் கட்சிதான்.