பந்தைப் பார்க்காதீர்கள்

அமெரிக்கக் கால்பந்து பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும், ஒரு க்ளீவ்லாந்து பிரவுன்ஸ் ரசிகரின் பதில்களும்

பந்தை வாங்கி வீசும் குவார்ட்டர்பேக்குகளில் யார் சிறந்தவர், பிராடியா, மஹோம்ஸா? சுற்றி வளைக்காமல் ஒரு பெயரைச் சொல்லுங்கள்.
– வாசகர், பாஸ்டன்

டாம் பிராடி. 2000-ஆம் ஆண்டு டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களை எடுக்கும் தேர்வில்) 198 பேரை எடுத்து முடித்த பிறகு எடுக்கப்பட்டவர், லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஏழு முறை ஜெயித்தார். 2017 பிப்ரவரியில் அட்லாண்டாவிடம் 28–3 என்று பின்தங்கியிருந்த ஆட்டத்தை 34–28 என்று முடித்தார். இதற்கு மேல் நான் வாதாட வேண்டியதில்லை.

ஆனால், "மஹோம்ஸ் இறுதிப் போட்டியில் பயந்துவிடுகிறார்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 2021-இல் தம்பா பேயிடம் 31–9 என்று தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அவருடைய கன்சாஸ் சிட்டி அணியில், குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையின் ஓரங்களில் நிற்கும் வழக்கமான டாக்கிள்கள் இருவரும் காயத்தால் வெளியே. மனிதர் பந்தை வாங்கிய நொடியிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். நிர்வாகம் பாடம் கற்றது. அடுத்த சில மாதங்களிலேயே ஜோ தூனி, க்ரீட் ஹம்ஃப்ரி, ட்ரே ஸ்மித் என்று முன்வரிசையையே புதிதாகக் கட்டினார்கள். 2023 பிப்ரவரியில் எதிரே நின்ற ஃபிலடெல்ஃபியா அந்தப் பருவத்தில் மட்டும் 70 முறை எதிரணி குவார்ட்டர்பேக்குகளைச் சாய்த்திருந்த அணி. அன்று மஹோம்ஸை ஒரு முறைகூடச் சாய்க்க முடியவில்லை. கணுக்கால் சுளுக்கோடு ஆடி 38–35 என்று ஜெயித்தார். இரண்டு ஆண்டு கழித்து அதே ஃபிலடெல்ஃபியா. இந்த முறை டாக்கிளுக்கு உள்பக்கம் கார்டாக ஆட வேண்டிய தூனி இடது டாக்கிளில் நின்றுகொண்டிருந்தார். ஆறு முறை சாய்த்தார்கள். 40–22 தோல்வி.

மூன்று ஆட்டங்களிலும் அதே மஹோம்ஸ்தான். முன்னால் நின்ற ஐவர்தான் வேறு.

நான் இந்த ஆட்டத்துக்குப் புதியவள். அலுவலகத்தில் எல்லோரும் பேசுகிறார்கள் என்று பார்க்க உட்கார்ந்தேன். பருமனான ஆட்கள் முட்டிக்கொண்டு விழுகிறார்கள், விசில் அடிக்கிறது, மறுபடி எழுந்து நிற்கிறார்கள். இதில் என்ன இருக்கிறது?
– வாசகி, நியூ ஜெர்ஸி

நான் இந்தப் பகுதியை எழுதுவதே இந்தக் கேள்விக்காகத்தான்.

அடுத்த ஆட்டத்தில் ஒரு கால் மணி நேரம் பந்தைப் பார்க்காதீர்கள். பந்து வைத்திருக்கும் அணியில் முன்னால் குனிந்து நிற்கும் ஐந்து பேரை மட்டும் பாருங்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டாக்கிள்கள். பெரும்பாலும் 50-இலிருந்து 79-க்குள் எண் போட்டிருப்பார்கள். விதிப்படி, நடுவரிடம் முன்கூட்டிச் சொல்லாமல் இவர்கள் முன்னோக்கி வீசும் பாஸைப் பிடிக்கக்கூடாது. ஆட்டம் முழுக்க ஓடி உழைத்தும் பந்தைத் தொடாமலே வீடு திரும்புகிறவர்கள். சென்டர் மட்டும் ஒவ்வொரு முறையும் பந்தைக் காலிடுக்கு வழியாகப் பின்னால் கொடுத்துவிட்டு, அதே மூச்சில் எதிரே பாயும் ஆளை மறிக்க வேண்டும்.

பந்து நகர்வதற்கு முன் சென்டர் கையை நீட்டி ஏதோ கத்துவார். எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் நடு லைன்பேக்கர் யார் என்று அடையாளம் காட்டுகிறார். அந்த ஒரு குறிப்பை வைத்துத்தான் யார் யாரை மறிப்பது என்று மற்ற நால்வரும் முடிவு செய்கிறார்கள். பிறகு அவர்களுடைய முதல் அடியைக் கவனியுங்கள். முன்னால் பாய்ந்தால் ஓட்டம் வரப்போகிறது. பின்னால் சறுக்கினால் பாஸ். எதிரணி சும்மா இருக்காது. இரண்டு பேர் நேராக வருவதுபோல் வந்து கடைசி நொடியில் இடம் மாறிக்கொள்வார்கள். அப்போது கார்டும் டாக்கிளும் ஒருவர் மீது ஒருவர் பார்வையைக்கூடத் திருப்பாமல் ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். கபடியில் சங்கிலி கோத்து நிற்பவர்களில் ஒரு கை நழுவினால் ரைடர் கோட்டைத் தாண்டிவிடுவான் அல்லவா, அதே கதைதான். ஐவரில் நால்வர் சரியாகச் செய்து ஒருவர் தவறினாலும் குவார்ட்டர்பேக் தரையில் கிடப்பார்.

இத்தனையும் இரண்டரை, மூன்று விநாடிக்குள். இதற்கு அதிகாரபூர்வப் புள்ளிவிவரம் எதுவும் கிடையாது. பிடித்த பந்துக்குக் கணக்கு உண்டு, ஓடிய யார்டுக்குக் கணக்கு உண்டு, தடுத்த ஆளுக்குக் கிடையாது. எதிராளியைப் பிடித்து இழுத்தால் மட்டும் நடுவர் மைக்கைப் போட்டு எண்ணைச் சொல்லிப் பத்து யார்டு தண்டனை கொடுப்பார். ஒரு மாதம் இப்படிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

சேக்வான் பார்க்லியை அனுப்பிய ஜயன்ட்ஸ் நிர்வாகத்தை மன்னிக்கலாமா?
– வாசகர், நியூயார்க்

மன்னிக்க வேண்டியது நீங்கள். என் கணக்கு இதுதான்: 2023-இல் ஜயன்ட்ஸுக்காகப் பந்தை ஏந்தி ஓடியது 962 யார்டு. 2024-இல் ஃபிலடெல்ஃபியாவுக்காக 2,005 யார்டு. ஒரே வருடத்தில் ஒருவருக்குப் புதுக் கால் முளைக்காது. நியூயார்க்கில் பந்தைக் கையில் வாங்கும்போதே எதிராளியும் கூடவே வந்து நிற்பான். ஃபிலடெல்ஃபியாவில் ஜோர்டன் மைலாட்டா, லேண்டன் டிக்கர்சன், லேன் ஜான்சன் என்று மலை மலையாக ஆட்கள் வழி திறந்துவிட்டார்கள். ஆகவே, பார்க்லியை அனுப்பியதைவிட, அவர் இருந்த ஆறு பருவமும் அவருக்கு முன்னால் ஒரு நல்ல வரிசையைக் கட்டாததைத்தான் நான் பெரிய குற்றமாகச் சொல்வேன்.

மைலாட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. சிட்னியில் ரக்பி ஆடிக்கொண்டிருந்த பையன். 2018-இல் ஃபிலடெல்ஃபியா ஏழாவது சுற்றில் எடுத்தபோது அமெரிக்கக் கால்பந்து ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லேண்ட் அடியெடுத்து வைப்பதிலிருந்து சொல்லிக்கொடுத்தார். இன்று அவர் இந்த லீகின் முதல்தர இடது டாக்கிள்களில் ஒருவர். புதியவர்களுக்கு இந்த ஆட்டம் புரியாது என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது இவரைத்தான்.

டல்லஸ் கௌபாய்ஸ் மறுபடி சூப்பர் பவுல் ஜெயிப்பது எப்போது?
– வாசகர், டல்லஸ்

கடைசியாக ஜெயித்தது 1996 ஜனவரியில். எய்க்மன், எமிட் ஸ்மித், இர்வின் என்று மூன்று பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். முன்வரிசையில் நின்ற லாரி ஆலன், நேட் நியூட்டன், எரிக் வில்லியம்ஸ், மார்க் டுவினே ஆகியோரையும் சேர்த்துச் சொல்லுங்கள். எமிட்டின் 18,355 யார்டு ஓட்டச் சாதனையில் அவர்கள் வியர்வை நிறைய இருக்கிறது. தற்காப்பு ஆட்டக்காரர் மைக்கா பார்சன்ஸை 2025 ஆகஸ்டில் க்ரீன் பேவுக்குக் கொடுத்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அப்படிப்பட்ட ஆட்டக்காரருக்கு ஈடாக டிராஃப்டில் இரண்டு முதல் சுற்றுத் தேர்வும் கென்னி க்ளார்க்கும் போதாது.

கோல்ட்ஸ் குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக் 29 வயதில் ஓய்வுபெற்று ஓடிப்போனது கோழைத்தனம் என்பேன். நீங்கள்?
– வாசகர், இண்டியானாபொலிஸ்

இல்லை. இந்தச் சொல்லை நீங்கள் திரும்பப் பெற வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன்.

2012 டிராஃப்டில் முதல் ஆளாக வந்தவர். வந்த நாளிலிருந்து அடி. 2015-இல் சிறுநீரகம் கிழிந்தது. தோள் காயத்தால் 2017 பருவம் முழுக்க ஆடவில்லை. 2018-இல்தான் கோல்ட்ஸ் விழித்துக்கொண்டு க்வென்டன் நெல்சன் என்ற கார்டை எடுத்தது. அந்த ஆண்டு லீகிலேயே மிகக் குறைவாக, 18 முறை மட்டுமே அந்த அணியின் குவார்ட்டர்பேக் சாய்ந்தார். லக், எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி தரும் டச்டவுன் பாஸ் 39 வீசினார். அவருக்கு முதலிலிருந்தே இது கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த ஒரு பருவமே சொல்கிறது. அதற்குள் உடம்பு கணக்கை முடித்துவிட்டது. 2019 ஆகஸ்டில் விடைபெறும் செய்தி கசிந்த இரவு, சொந்த மைதானத்திலேயே சிலர் அவரைக் கூச்சலிட்டு அனுப்பினார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வலிக்கிறது.

இதைவிடக் கொடுமை டேவிட் காருடையது. ஹூஸ்டன் டெக்சன்ஸ் பிறந்த ஆண்டான 2002-இல் 76 முறை சாய்க்கப்பட்டார். ஒரு பருவத்தில் இதுதான் சாதனை எண்ணிக்கை.

நட்சத்திர குவார்ட்டர்பேக் இல்லாமல் ஒரு அணி கோப்பை வாங்க முடியுமா?
– வாசகி, வர்ஜீனியா

உங்கள் பக்கத்து அணியே சாட்சி. பயிற்சியாளர் ஜோ கிப்ஸின் வாஷிங்டன் மூன்று சூப்பர் பவுல் ஜெயித்தது: ஜோ தைஸ்மன், டக் வில்லியம்ஸ், மார்க் ரிப்பியன் என்று மூன்று வெவ்வேறு குவார்ட்டர்பேக்குகளோடு. மாறாமல் இருந்தது ரஸ் க்ரிம், ஜோ ஜேக்கபி, ஜெஃப் பாஸ்டிக் போன்றவர்களைக் கொண்ட 'ஹாக்ஸ்' என்ற முன்வரிசை. 1988 ஜனவரியில் டென்வரை 42–10 என்று நொறுக்கிய ஆட்டத்தில் இரண்டாவது கால்பகுதியில் மட்டும் 35 புள்ளி. சூப்பர் பவுலில் தொடக்கத்திலேயே களமிறங்கி ஜெயித்த முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் டக் வில்லியம்ஸ். அவருடைய பெருமையில் ஒரு துளியும் குறைக்காமலே சொல்கிறேன், அதே இரவு டிம்மி ஸ்மித் என்ற புதுமுகம் 204 யார்டு ஓடினார். அந்த சூப்பர் பவுல் சாதனையை அந்த வரிசைதான் அவருக்குச் செய்துகொடுத்தது.

பன்னிரண்டு வயது மகன் ஆடியே தீருவேன் என்கிறான். தலையில் அடிபடும் என்று பயமாக இருக்கிறது. விடலாமா?
– ஒரு தாய், அட்லாண்டா

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. நான் கொண்டாடும் இந்த முன்வரிசை ஆட்களிடமிருந்துதான் அந்த உண்மையே வெளிவந்தது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் சென்டர் மைக் வெப்ஸ்டர் நான்கு சூப்பர் பவுல் ஜெயித்தவர். கடைசி ஆண்டுகளில் நினைவு தடுமாறி, வீடு வாசல் இழந்து, 2002-இல் ஐம்பது வயதில் இறந்தார். அவர் மூளையைப் பரிசோதித்த மருத்துவர் பென்னட் ஒமாலுதான், இந்தத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்-இன் வீரர் ஒருவரிடம் சி.டி.இ என்ற மூளைச் சிதைவை முதன்முதலாகக் கண்டறிந்தார். ஒரே ஒரு பெரிய மோதலால் வருவதில்லை அது. ஒவ்வொரு ஆட்டத்திலும் வரிசையில் நிற்பவர்கள் தலையோடு தலை வாங்கும் சின்னச் சின்ன அடிகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வருவது.

என் கருத்து: உயர்நிலைப் பள்ளி முடியும் வரையிலாவது ஃபிளாக் ஃபுட்பால் ஆடட்டும். மோதல் இல்லை, இடுப்பில் தொங்கும் நாடாவை உருவினால் போதும். பாஸ், ஓட்டம், வியூகம் எல்லாம் உண்டு. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலேயே அது இடம்பெறுகிறது என்று பையனிடம் சொல்லுங்கள். அவனுக்கும் மரியாதையாக இருக்கும்.

'ஐஸ் பவுல்' என்று பேரெடுத்த அந்த உறைகுளிர் ஆட்டத்தின் நாயகன் க்ரீன் பே குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார்தானே?
– வாசகர், விஸ்கான்சின்

ஸ்டாரும்தான். 1967 டிசம்பர் 31, லேம்போ ஃபீல்ட், குளிர் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். ஆட்டம் முடியச் சில விநாடிகள் இருக்கும்போது ஸ்டார் தானே பந்தை ஏந்திப் பாய்ந்து டல்லஸை 21–17 என்று முடித்தார். அவர் பாய்ந்த இடைவெளியை உறைந்த தரையில் கால் ஊன்றி உண்டாக்கியவர்கள் ஜெர்ரி க்ரேமரும் கென் போமனும். ஸ்டார் 1977-இலேயே ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மன்றத்துக்குள் போனார். க்ரேமர் 2018 வரை காத்திருந்தார்.

1991 சூப்பர் பவுலின் கடைசி நொடிகளில் பஃபலோவின் ஸ்காட் நார்வுட் 47 யார்டு கிக்கைத் தவறவிட்டாரே, ஊர் அவரை மன்னித்ததா?
– வாசகி, ரோச்செஸ்டர்

மறுநாளே. ஊர் திரும்பிய அணியை நயாகரா சதுக்கத்தில் வரவேற்ற கூட்டம் அவர் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தது. ரசிகர்கள் என்றால் அவர்கள்தான்.

சார், பிரவுன்ஸ் ரசிகராக இருந்துகொண்டு உங்களால் எப்படி இவ்வளவு உற்சாகமாக எழுத முடிகிறது? உங்களுக்கு மிகப் பிடித்த வீரர் யார்?
– வாசகர், கொலம்பஸ்

ஜோ தாமஸ். எண் 73, இடது டாக்கிள்.

2007 டிராஃப்டில் மூன்றாவது ஆளாக க்ளீவ்லாந்து எடுத்தது. அந்த நாளில் அவர் விழா மேடைக்குப் போகாமல் தந்தையோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். முதல் ஆட்டத்தின் முதல் பந்திலிருந்து 2017 அக்டோபரில் கைத்தசை கிழியும் வரை, தொடர்ச்சியாக 10,363 ஸ்னாப், அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்த தடவைகள். ஒன்றுகூட விடவில்லை. அவருக்குப் பின்னால் இருபது குவார்ட்டர்பேக்குகள் வந்து போனார்கள். பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றில் ஒரு ஆட்டம்கூட ஆடக் கொடுத்து வைக்கவில்லை. அவருடைய கடைசி ஆண்டில் அணி ஒரு வெற்றியும் இல்லாமல் 0–16. ஆனாலும் வேறு ஊருக்குப் போக வேண்டும் என்று அவர் கொடி பிடிக்கவில்லை.

ஈரி ஏரிக் காற்று முகத்தில் அறையும் டிசம்பர் ஞாயிறுகளில், தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும் நான் பைனாகுலரை எடுத்துக்கொண்டு போனது அவருக்காக. எத்தனை புள்ளி பின்தங்கினாலும் அவருடைய முதல் அடி மாறாது: இடது கால் பின்னால், முதுகு நேராக, கைகள் நெஞ்சளவில். ஆட்டமே கைவிட்டுப் போன நான்காவது கால்பகுதியிலும் அதே அடி. 2023-இல் ஹால் ஆஃப் ஃபேமில் முதல் வாய்ப்பிலேயே சேர்த்தார்கள். அந்த மரியாதையில் எனக்கும் பங்கு இருப்பதாகவே உணர்ந்தேன்.

லீகில் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?
– வாசகி, சியாட்டில்

ஆண்டின் மிக மதிப்புமிக்க வீரருக்கான எம்.வி.பி விருதை. 1982-இல் மார்க் மோஸ்லி என்ற கிக்கருக்குக்கூட அது கிடைத்திருக்கிறது. தற்காப்பில் ஆலன் பேஜும் லாரன்ஸ் டெய்லரும் வாங்கியிருக்கிறார்கள். முன்வரிசை ஐவரில் ஒருவருக்கும் இதுவரை கொடுத்ததில்லை. 2025 பருவத்தில் இவர்களுக்கென்று தனி விருது ஒன்றைத் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் தனிப் பந்தி போட்டு உட்கார வைப்பதில் எனக்கு நிறைவில்லை. பெரிய விருதுக்கு வாக்களிக்கிறவர்கள் ஒரு வருடமாவது டாக்கிள் பெனே சூவல் ஆடும் டெட்ராய்ட் ஆட்டங்களை, பந்தைப் பார்க்காமல், முழுதாகப் பார்த்துவிட்டு வாக்களிக்கட்டும்.